விலகிக்கொள்ளும் உரிமை

என்னுடைய ஐந்து வருஷத்தின் விலை நாற்பத்திரண்டு கையெழுத்து என்று பல்கலைக்கழகத்தின் அறநெறிக் குழு நிர்ணயித்தது. கடிதத்தைப் படித்ததும் விலை குறைவாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. நாங்கள் துணி வியாபாரக் குடும்பம். எதிராளி வாயைத் திறந்து ஒரு விலை சொல்லிவிட்டாலே பாதி வேலை முடிந்தது, சொல்லாமல் முறைத்துக்கொண்டு நிற்பவனிடம்தான் பயப்பட வேண்டும் என்று கேட்டு வளர்ந்தவள் நான். அதனால் பயப்படவில்லை. என் பங்குக்கும் சேர்த்து ஆய்வு நெறியாளர் பயப்பட்டுக்கொண்டார்.

கடைத்தெருவில் விலை எப்படி உருவாகிறது என்பது என் முனைவர் பட்ட ஆய்வு. சமூகவியல் துறை. எங்கள் தெருவிலேயே நாற்பத்திரண்டு வியாபாரிகளிடம் உட்கார்ந்து பேசிப் பதிவு செய்திருந்தேன். பேசுகிறவர்கள் முன்கூட்டியே ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது விதி. படிவங்கள் கட்டாக என் பையில்தான் இருந்தன. ஒன்றைக்கூட வெளியே எடுக்கவில்லை. எங்கள் தெருவில் கையெழுத்துக் கேட்கிறவர்கள் இரண்டே பேர், வங்கிக்காரரும் வரிக்காரரும். ஒரு வண்டிச் சரக்கு வாய்ச்சொல்லில் கைமாறுகிற இடத்தில் பேச்சுக்குக் காகிதம் நீட்டினால், இந்தப் பெண் நம்மை நம்பவில்லை என்று ஆகிவிடும். எனவே வாயால் சம்மதம் கேட்டேன். அதையும் மரியாதைக்காகப் பதிவுக் கருவியைப் போடுவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். நாற்பத்திரண்டு பேரும் தலையாட்டினார்கள். தலையாட்டல் ஒலிப்பதிவில் விழாது.

ஆறு வாரம் அவகாசம். இன்றைய தேதி போட்டே கையெழுத்து வாங்க வேண்டும், தவறு என்னுடையது என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும், கையெழுத்திடாதவர் சொன்ன ஒரு சொல்லும் ஆய்வேட்டில் இருக்கக் கூடாது.

இதற்கு முன் நான் வாங்கிய முதுநிலைப் பட்டம் பாடவழிப் பட்டம். அது நிர்ணய விலைக் கடை. எட்டுப் பாடம், பாடத்துக்குப் பதினைந்து கிரெடிட், கடைசியில் பதினையாயிரம் சொல்லில் ஓர் ஆய்வுரைக்கு அறுபது, ஆக நூற்றெண்பது. எண்ணி வைத்துவிட்டுப் பட்டத்தை எடுத்துக்கொண்டு போகலாம். ஆய்வுப் பட்டம் அப்படியில்லை. எண்பதாயிரம் சொல்லுக்கு மேல் போகக் கூடாது என்பார்கள், எத்தனை இருந்தால் போதும் என்று சொல்ல மாட்டார்கள். அறிவுக்குப் புதிதாக ஒன்று சேர்த்திருக்க வேண்டும் என்பார்கள், எத்தனை கிராம் என்று கேட்டால் சிரிப்பார்கள். எல்லாம் முடிந்தபின் இரண்டு தேர்வாளர்கள் வாய்மொழித் தேர்வு என்ற பெயரில் சரக்கைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பார்கள். அதனால்தான் எனக்கு அது பிடித்திருந்தது.

தெருவுக்குள் இறங்கினேன். கையெழுத்து வாங்குவது நான் நினைத்ததைவிடச் சுலபமாக இருந்தது, படிவத்தைப் படிக்காதவர்களிடம். படித்தவர்கள் எல்லோரும் ஐந்தாவது வரியில் போய் நின்றார்கள். ஆய்வேடு சமர்ப்பிக்கப்படும் நேரம் வரை, எந்தக் காரணமும் சொல்லாமல், எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு என்ற வரி. பாத்திரக்கடைக்காரர் அதை இரண்டு முறை படித்துவிட்டுத் தன் மருமகனையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னார்.

"எப்ப வேணாலும் விலகிக்கலாம், காரணம் சொல்ல வேண்டாம், அபராதம் கிடையாது. இப்படி ஒரு ஒப்பந்தத்தை எழுதினவன் கடை வச்சா மூணு நாள் தாங்குவானா?"

"அவங்க கடை நூறு வருஷமா நடக்குது, அண்ணாச்சி."

"அப்ப வேற ஏதோ விக்கிறாங்க" என்று சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பேட்டி எடுத்த தேதியையே போட்டுத் தரட்டுமா என்றும் கேட்டார். அநேகமாக எல்லோருமே கேட்டார்கள். அது அவர்கள் எனக்குக் கொடுக்க நினைத்த தள்ளுபடி. வேண்டாம் என்று சொன்னபோது கொஞ்சம் வருத்தப்பட்டார்கள். பூட்டுக்கடை மாமா மட்டும் தேதியைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. புத்தகமாக வந்ததும் தனக்கு ஒன்று தர வேண்டும், கடைக்கு வருகிறவர்கள் கண்ணில் படுகிற மாதிரி வைக்கப்போவதாகச் சொன்னார்.

ஐந்தாவது வாரக் கடைசியில் நாற்பத்தொன்று சேர்ந்துவிட்டது. மீதி ஒருவர் என் சித்தப்பா.

சித்தப்பாவுக்கு இரும்புக்கடை. பதினோரு வருஷத்துக்கு முன் தெருவிலிருந்த மூன்று இரும்புக்கடைகளும் கம்பியை ஒரு விலைக்குக் கீழே விற்பதில்லை என்று பேசி வைத்திருந்தன. சித்தப்பா ஒரு கட்டட ஒப்பந்தக்காரருக்கு மட்டும் மறைவாக அதற்குக் கீழே கொடுத்தார். மூன்றாவது கடையின் பெரிய வாடிக்கை அந்த ஒப்பந்தக்காரர்தான். அந்தக் கடை இரும்பை விட்டுவிட்டு, பாதி இடத்தை வாடகைக்குக் கொடுத்து, மீதிப் பாதியில் பூட்டு விற்கத் தொடங்கியது. இன்றைக்கும் தினம் நாலு மணிக்குச் சித்தப்பாவும் பூட்டுக்கடை மாமாவும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார்கள். வாடிக்கை எங்கே போனது என்று மாமாவுக்கு இதுவரை தெரியாது.

இதைச் சித்தப்பாவே ஒரு மத்தியானம் என் பதிவுக் கருவியிடம் சொன்னார். என்னிடம் சொன்னதாக நான் எடுத்துக்கொள்ளவில்லை, என் முகத்தைப் பார்க்காமல் அந்தச் சின்னச் சிவப்பு விளக்கைப் பார்த்தே சொன்னார். ஒரு விலை உடன்பாடு எப்படி உடைகிறது என்பதை உடைத்தவர் வாயாலேயே கேட்பது என் துறையில் அபூர்வம். நாலாம் அத்தியாயம் முழுக்க அதன்மேல் நின்றது, ஐந்தும் ஆறும் நாலின்மேல் நின்றன. பேரை மறைக்கலாம். மூன்று இரும்புக்கடை இருந்த தெருவில் பேரை மறைத்து என்ன ஆகப்போகிறது?

நாலாம் அத்தியாயம் இல்லாவிட்டால் மிஞ்சுவது முப்பத்தெட்டாயிரம் சொல் என்று நெறியாளர் கணக்குச் சொன்னார். அதை முனைவர் பட்டத்துக்குக் கொடுக்க முடியாது. நாற்பதாயிரத்துக்குள் கேட்கிற கீழ்ப்படி ஆய்வுப் பட்டம் ஒன்று இருக்கிறது, அதற்குக் கொடுக்கலாம். சமர்ப்பிக்கும் படிவத்தில் இரண்டுக்கும் பக்கத்துப் பக்கத்துக் கட்டம்தான், எதில் டிக் போடுகிறோம் என்பதுதான் வித்தியாசம் என்று ஆறுதலாகச் சொன்னார். பட்டுப்புடவையும் பாலியஸ்டரும் எங்கள் கடையில் பக்கத்துப் பக்கத்து அலமாரிதான் என்று நான் சொல்லவில்லை.

சித்தப்பாவிடம் நான் கெஞ்சவில்லை. நாலாம் அத்தியாயத்தை அச்செடுத்து, படிவத்தை மேலே வைத்துக் கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன். சரக்கை விரித்துப் போட்டபின் வாயை மூடிக்கொள்வது எனக்குத் தெரிந்த வித்தைகளில் பழையது. ஐந்து நாள் அவர் எதுவும் சொல்லவில்லை. கடைசி வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் மத்தியானம் கூப்பிட்டு அனுப்பினார். பக்கங்களின் ஓரத்தில் பென்சிலால் திருத்தம் போட்டிருந்தார்.

"ரெண்டு மாசம்னு எழுதியிருக்கே. நாலு மாசம் அந்த விலைக்குக் கொடுத்தேன். அன்னைக்கு உங்கிட்டயும் குறைச்சுதான் சொல்லியிருக்கேன்."

அவர் படிவத்தில் கையெழுத்துப் போட்டு, அன்றைய தேதியும் போட்டார். காகிதத்தைத் தள்ளவில்லை, விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இந்த அஞ்சாவது வரி நிஜமா?"

"நிஜம்தான் சித்தப்பா."

"எது வரைக்கும்?"

"நாளைக்கு அஞ்சு மணிக்கு ஆபீஸ் மூடுவாங்க. அது வரைக்கும்."

"அப்ப கேட்டுக்கோம்மா. புஸ்தகத்துல படிச்சு அவன் தெரிஞ்சுக்கக் கூடாது. நாளைக்கு டீ குடிக்கிறப்ப நானே சொல்றேன். வாய் வந்துச்சுன்னா போன் பண்ண மாட்டேன். வரலைன்னா பண்றேன், எடுத்துடு."

"சரி."

"உனக்கு நஷ்டம் வருமா?"

"பட்டம் ஒரு படி இறங்கும்."

அவர் தராசைப் பார்த்தார். "ஒரு படிதானே" என்றார். அது கேள்வியா என்று எனக்குப் புரியவில்லை. விரலை எடுத்தார்.

வெள்ளிக்கிழமை நெறியாளர் மூன்று முறை செய்தி அனுப்பினார். காலையிலேயே கொடுத்துவிடு, சமர்ப்பித்த நிமிஷமே விலகும் உரிமை முடிந்தது, படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று. இருந்தது. ஆனால் நான் சித்தப்பாவிடம் ஐந்து என்று வாயால் சொல்லியிருந்தேன்.

நாலரைக்குச் சமர்ப்பிப்புப் பிரிவின் ஜன்னல் முன் நின்றேன். கையில் இரண்டு கட்டு, இரண்டும் அட்டை போட்டுத் தயார். ஜன்னலுக்குப் பின்னாலிருந்த அம்மாள் படிவத்தைப் புரட்டினாள்.

"எந்தப் பட்டம்னு டிக் பண்ணலையே?"

"கடைசி நிமிஷம் பண்றேம்மா."

"அஞ்சுக்கு ஜன்னலை இறக்கிடுவேன். அப்புறம் அடுத்த பருவம்தான்."

"நாலு அம்பத்தொம்பதுக்குப் பண்றேன்."

அவள் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். "என்ன வேணும்னு உங்களுக்கே தெரியாதா?"

"எனக்குத் தெரியும். கொடுக்கிறவர் இன்னும் யோசிச்சுட்டிருக்கார்."

விசித்திரமான வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பழகியவள் போலிருக்கிறது. பேனாவை என் பக்கம் நகர்த்திவிட்டு வேறு வேலையைப் பார்த்தாள். போனை மேடைமேல் முகம் மேலே தெரிய வைத்தேன். நேரம் நாலு நாற்பத்தொன்று. அங்கே இந்நேரம் தேநீர் ஆறிப்போயிருக்கும்.

வலது கையில் சொற்கள் எழுபத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பது, கையெழுத்து நாற்பத்திரண்டு. இடது கையில் முப்பத்தெட்டாயிரத்து அறுநூற்றுப் பதினைந்து, கையெழுத்து நாற்பத்தொன்று. பாக்கி ஒரு டிக், பதினெட்டு நிமிஷம்.