மஞ்சள் படகு

செய்யாற்றை நம்பி ஒருத்தர் படகு வாங்கினார் என்று சொன்னால் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் சிரிப்பார்கள். சிரித்தார்கள். ஆறு மனசு வைத்தால் தை, மாசி வரைக்கும் தண்ணீர் நிற்கும். வைக்காவிட்டால் கார்த்திகையிலேயே மணல் தெரியும். அப்படிப்பட்ட ஆற்றுக்குப் படகு வாங்கிய மகராசன் வேறு யாருமில்லை, என் வீட்டுக்காரர் பாண்டுரங்கன்தான்.

எங்கள் ஊரில் தடுப்பணை கட்டிய பிறகுதான் அவருக்கு இந்தப் புத்தி வந்தது. அணைக்குப் பின்னால் தண்ணீர் ஏரி மாதிரி நிற்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் செங்கல்பட்டிலிருந்தும் காஞ்சிபுரத்திலிருந்தும் குளிக்க ஜனம் வரும். கம்பெனி வேலையை உதறிவிட்டு, மரக்காணம் பக்கம் ஒரு மீனவரிடம் பழைய ஃபைபர் படகு ஒன்றைப் பேசி வாங்கிவந்தார். இரண்டு பேருமாக மஞ்சள் பெயிண்ட் அடித்து, பக்கவாட்டில் போன் நம்பரையும் எழுதினோம். வாடகைக்கு விட லாரி டியூப்கள், ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டுகள், பெண்கள் துணி மாற்ற ஒரு கீற்று மறைப்பு. அவர் துடுப்புப் போடுவார். நான் எல்லோருக்கும் ஜாக்கெட் மாட்டி, பக்கிளை இழுத்து இழுத்துப் பார்த்துதான் படகில் ஏற்றுவேன். "இன்னாக்கா, ஏரோபிளேன்லயா ஏத்தற?" என்று பையன்கள் கிண்டல் செய்வார்கள். ஏறினவர்கள் அத்தனை பேரும் இறங்கினார்கள், அது எனக்குப் பெருமை.

முதல் வருஷம் நன்றாக ஓடியது. அடுத்த வருஷம் மழை பொய்த்துப்போய்ப் படகு வேப்பமரத்தடியில் கவிழ்ந்து கிடந்தது. கோழி அதனடியில் முட்டையிட்டது. அதற்கடுத்த வருஷம் வெள்ளம் வந்து யாரையும் கரைக்கே விடவில்லை. கடனுக்கு என் கம்மல் போனது, அவருடைய பைக் போனது. இந்த வருஷம்தான் அளவான தண்ணீர். காணும் பொங்கலன்று ஆற்றங்கரையில் கால் வைக்க இடமிருக்காது. அந்த ஒரு நாள் ஓடிவிட்டால் அடுத்த மழை வரைக்கும் தாக்குப்பிடிக்கலாம். ஓடாவிட்டால் படகை விற்றுவிட்டு அவர் மறுபடியும் ஷிஃப்டுக்குப் போவதென்று பேசி முடித்திருந்தோம்.

மாட்டுப் பொங்கலன்று காலையில் செல்வம் ஆற்றில் முழுகிச் செத்துப்போனான்.

செல்வம் ஆற்றோரத்து இருளர் குடியிருப்பில் இருந்தவன். கூலி வேலைக்குப் போவான். தண்ணீர் வந்தால் வலை போடுவான். நடு ஆற்றில் பாதி முழுகி நின்ற சீமைக்கருவேல மரத்தில் வலை மாட்டிக்கொள்ள, எடுக்கப் போனவன் வலையோடு மாட்டிக்கொண்டான். கரையிலிருந்து பார்த்தால் அவனுடைய நீலச் சட்டை தெரிந்தது. தீயணைப்பு வண்டி வேறு எங்கோ போயிருக்கிறது, வர சாயங்காலமாகும் என்றார்கள்.

அவன் பெண்சாதி முனியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "கண்ணுக்கு எதுர்லயே கீறான்க்கா. அண்ணங்கிட்ட சொல்லி அவன எட்த்தாந்து குடுக்கச் சொல்லுக்கா," என்றாள். அவள் அழக்கூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

ஆனால் எங்கள் பக்கத்தில் ஒன்று உண்டு. பிணம் ஏறிய படகில் உயிரோடு இருப்பவர்கள் ஏற மாட்டார்கள். கழுவினாலும் சரி, சூடம் காட்டினாலும் சரி. எந்தச் சாஸ்திரத்தில் எழுதியிருக்கிறது என்று கேட்டால் ஒருத்தருக்கும் தெரியாது. இருந்தாலும் ஏற மாட்டார்கள்.

அவர் என்னைத் தனியாக அழைத்துப்போனார். "கயித்துல கட்டி இழுத்தாந்துடறேன் தேவி. போட்டுல ஏத்த மாட்டேன்," என்றார்.

"ஏத்திடாதீங்க. நாளைக்குக் காணும் பொங்கல்," என்றேன். ஒரு பெண் தாலியைப் பறிகொடுத்து நிற்கும்போது பேசுகிற பேச்சா என்று யாராவது கேட்டால் கேட்டுக்கொள்ளட்டும். எனக்கும் வயிறு இருக்கிறது.

அவர் போனார். வலையை அறுத்து, முகம் மேலே நிற்கட்டும் என்று செல்வத்துக்கு ஒரு ஜாக்கெட்டை மாட்டிக் கயிற்றைக் கட்டினார். கரையில் ஊரே நின்று செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தது. படகு திரும்பி வந்தது, செல்வம் அதன் பின்னால் வந்தான். பாதித் தூரத்தில் அவர் துடுப்பை நிறுத்தித் திரும்பிப் பார்த்தார். கொஞ்சம் துடுப்பு வலித்தார், மறுபடியும் நிறுத்தினார். பிறகு துடுப்பை உள்ளே போட்டுவிட்டுக் குனிந்தார்.

"யோவ், வேணாம்யா!" என்று கத்தினேன். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் அவனைக் கட்டிப்பிடித்து உள்ளே இழுத்துப் போட்டார்.

கரைக்கு வந்ததும் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். "நா படிச்சிப் படிச்சி சொன்னேன்ல?"

"மூஞ்சி தண்ணிக்குள்ள போயி போயி வருது தேவி. ஜாக்கெட்டு மேல ஏறிக்கினு நிக்கவே மாட்டுது. அவனுக்கு மூச்சு முட்டுதுன்னே தோணிப்போச்சு. என்னால இழுக்க முடியல," என்றார்.

செத்தவனுக்கு என்ன மூச்சு என்று கேட்க வாய் வரைக்கும் வந்தது. அதற்குள் முனியம்மாள் படகில் ஏறி, அவன் தலையை மடியில் வைத்து, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைக்க ஆரம்பித்திருந்தாள். நான் சட்டையை விட்டுவிட்டேன்.

அன்றைக்கே படகை மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். பூசணிக்காய் உடைத்தோம். செல்வம் போட்டிருந்த ஜாக்கெட்டை அவனோடேயே புதைத்துவிடச் சொல்லிக் கொடுத்தோம்.

காணும் பொங்கலன்று ஆற்றங்கரை திருவிழாவாக இருந்தது. கரும்பு, ஐஸ் வண்டி, பலூன். எங்கள் ஊர்க்காரர்கள் படகைச் சுற்றிக்கொண்டு போனார்கள். டியூபைக்கூட ஒருவரும் தொடவில்லை. பத்து மணி வாக்கில் செங்கல்பட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்சாதி, இரண்டு பெண் பிள்ளைகள். நான் ஓடி ஓடி ஜாக்கெட் மாட்டினேன். சின்னது படகில் ஏறி உட்கார்ந்து கையைத் தண்ணீரில் விட்டுச் சிரித்தது. அதைப் பார்த்ததும், இனிமேல் ஆட்கள் வந்துவிடுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை வந்தது.

எங்கள் தெருச் சடையப்பன் கரும்பைக் கடித்துத் துப்பிவிட்டுச் சொன்னார்: "ஏம்மா, அந்த போட்லயா போறீங்கோ? நேத்து பொணத்த ஏத்திக்கினு வந்தது அதுலதான்."

அந்தப் பெண்மணி படகுக்கு ஓடினாள். பிள்ளைகளைத் தூக்கி இறக்கினாள். அவசரத்தில் பக்கிள் கழலவில்லை. ஜாக்கெட்டைத் தலைவழியாகவே பிடுங்கி மணலில் போட்டாள். சின்னது "அம்மா, நான் போட்ல போணும்" என்று அழுதுகொண்டே போனது.

"பெருசு, நீ நல்லாருப்பியா? எரியற அடுப்புல தண்ணிய ஊத்திட்டியே!" என்று நான் சடையப்பன்மேல் பாய்ந்தேன்.

"நா இன்னா பொய்யா சொன்னேன்?" என்றார் அவர். பொய் இல்லைதான். அதனால்தான் ஆத்திரம் இன்னும் தீரவில்லை.

மாசியில் தண்ணீர் வடிய ஆரம்பித்தது. படகை விலைக்குப் பார்க்க வந்த ஒருவர் தட்டிப் பார்த்துவிட்டு, "இதானா அந்த போட்?" என்று கேட்டார். ஆமாம் என்று சொன்னதும் போய்விட்டார். கம்பெனியில் கூப்பிட்டு அனுப்புகிறோம் என்றார்கள். கூப்பிடவில்லை.

ஒரு நாள் காலையில், நாஷ்டாவுக்கு மாவு கரைத்துக்கொண்டிருக்கும்போது போன் வந்தது.

"போட் வச்சிக்கினு கீறவங்களாக்கா?" ஒரு பையன் குரல்.

எத்தனை நாளாயிற்று இப்படி ஒரு போன் வந்து! கையைக்கூடத் துடைக்காமல், "ஆமா தம்பி. எத்தினி பேரு?" என்று கேட்டேன்.

"ஒருத்தருதான்க்கா."

"ஒருத்தருக்குக் கட்டுப்படி ஆவாது தம்பி. நாலு பேரா சேந்து வாங்க, ஜாலியா ஒரு ரவுண்டு போலாம்," என்றேன்.

அந்தப் பக்கம் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"இல்லக்கா. எங்க நைனா. சாலவாக்கத்தாண்ட ஏரில வுயிந்துட்டாரு. வீடியோவுல ஒங்க போட்ட பாத்தோம். வருவீங்களாக்கா?"

மாவு கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஜாலியா என்று சொன்ன வாயை அறுத்துப் போடலாம் போலிருந்தது. அவர் வந்து போனை வாங்கிப் பேசினார். "அழாத தம்பி, வரோம்," என்று மட்டும் சொன்னது கேட்டது.

குட்டியானை வண்டி வந்தது. படகை ஏற்றிக் கட்டினார்கள். நான் இரண்டு ஜாக்கெட்டை எடுத்தேன், அவருக்கொன்று, எனக்கொன்று. கொட்டகை மூலையில் கிடந்த இழுவைக் கயிற்றையும் சுருட்டிக்கொண்டு ஓடினேன்.

அவர் கயிற்றைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

"இனிமே கயிறு எதுக்கு தேவி?" என்றார். "போட்டுலயே ஏத்திக்கலாம்."