மேட்டுத்தெருவுக்குத் தண்ணீர்

பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் ஒற்றிக்கொண்டிருந்தாள் நெவேனா. வாசலில் ஆள் கூடும் சத்தம் கேட்டது. சர்ச் விட்டிருக்க வேண்டும்.

மாதத்தின் முதல் ஞாயிறு என்றால், பூசை முடிந்ததும் கவுன்சிலர் ஸ்தாமென் தெருமுனை நீரூற்று மேடையில் ஏறி நின்றுவிடுவார். ஊற்று வறண்டு வருஷக்கணக்காகிறது. மேடையாவது அவருக்கு உபயோகப்பட்டது. நகரமன்றத்தில் என்ன கேட்டார், என்ன கிடைத்தது, யார் கை தூக்கினார், யார் தூங்கினார் என்று ஒன்றுவிடாமல் சொல்வார். தெருவிளக்கு, குப்பை லாரி, நாய்த் தொல்லை எல்லாம் வரும். தோற்றதை மூடி மறைக்கிற வழக்கம் அவருக்குக் கிடையாது. "தோத்துட்டோம், அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லிவிட்டு இறங்குவார். கவுன்சிலர் என்ற இனத்திலேயே இப்படி ஒருவர் வாய்த்தது மேட்டுத்தெருவின் அதிர்ஷ்டம். அந்தத் தெருவுக்கு வேறு அதிர்ஷ்டம் எதுவும் வாய்க்கவில்லை.

இந்த முறை அவருக்குப் பேச்சில்லை. வியாழக்கிழமை மன்றக் கூட்டம் முடிந்து பஸ்ஸில் வரும்போது பக்கவாதம் வந்துவிட்டது. செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் வீட்டுக்கே அனுப்பிவிட்டார்கள். வியன்னாவிலிருந்து மகள் நெவேனா ஓடி வந்தாள். பத்தொன்பது வயதில் போனவள்; இப்போது அவளுக்கே நரைக்கத் தொடங்கியிருந்தது.

அந்தக் கூட்டத்தில்தான் மேட்டுத்தெருவுக்குக் குடிநீர்க் குழாய் போடும் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. பாஸாகிவிட்டது என்று பாதிப் பேர், இல்லை என்று பாதிப் பேர். சேதி கொண்டுவந்ததெல்லாம் மலையடிவாரத்துக் கீழூர்க்காரர்கள்; கீழூர்க்காரன் பேச்சை மேட்டுத்தெருவில் எவன் நம்புவான்? ஸ்தாமென் வாயால் வர வேண்டும்.

பக்கத்து வீட்டு வுல்ச்சோ தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு கதவருகே வந்து நின்றான்.

"தொந்தரவு பண்ண மனசு வரல, நெவேனா. ஒரே ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லும்மா. பாஸாச்சா, இல்லியா?"

அவனுக்குப் பின்னால் யோர்தான்கா. புருஷன் போன பிறகு தனியாக இருப்பவள். "என் வீட்டை விலைக்குக் கேட்டவன் நாளைக்குப் பதில் சொல்லுங்கறான். தண்ணி வந்தா நான் ஏன் விக்கப் போறேன்? வரலேன்னா இந்த முட்டியை வச்சுக்கிட்டு எத்தனை காலம் கேன் தூக்குவேன்?"

அம்மா தொன்கா தண்ணீர் லாரி வரிசையில் நிற்கப் போயிருந்தாள். நெவேனா கட்டிலருகே குனிந்தாள்.

"அப்பா, மேட்டுத்தெருத் தண்ணி பாஸாயிடுச்சா?"

அவர் கண் திறந்து அவளைப் பார்த்தார். சிரமப்பட்டுத் தலையை மேலும் கீழுமாக ஆட்டினார்.

வெளியே போய், "பாஸாயிடுச்சு!" என்றாள். வுல்ச்சோ சிலுவை போட்டுக்கொண்டான். யோர்தான்கா அழுதேவிட்டாள். கைதட்டல் தெரு முழுக்கக் கேட்டது.

திரும்பி வந்து பார்த்தால், அப்பாவின் தலை மேலும் கீழும் ஆடிக்கொண்டே இருந்தது. தொண்டையில் ஏதோ சத்தம். கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குப் போனது.

"சொல்லிட்டேன்பா. எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். கைதட்டினாங்களே, கேட்டுச்சா?"

நெற்றியைத் தடவிக் கொடுத்தாள். தலை நிற்கவில்லை; இன்னும் வேகமாக ஆடியது. போகிற நேரத்தில் மனுஷனுக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்து அவளும் அழுதாள். தொன்கா கேனோடு வந்து சேர்வதற்குள் எல்லாம் அடங்கிவிட்டது.

மறுநாள் அடக்கம் முடிந்து முற்றத்தில் மேஜை போட்டிருந்தார்கள். அவித்த கோதுமையில் சர்க்கரை தூவிக் கிண்ணம் கிண்ணமாகப் போயிற்று. வுல்ச்சோ கிளாஸிலிருந்து செத்தவருக்கென்று கொஞ்சம் பிராந்தியை மண்ணில் ஊற்றினான்.

"போறப்பகூட நமக்குத் தண்ணி கொடுத்துட்டுத்தான் போயிருக்கார்."

"காலையிலயே அவனுக்குப் போன் பண்ணி, வீடு விக்கறதா இல்ல, வேற பாத்துக்கோன்னுட்டேன்" என்றாள் யோர்தான்கா.

அதைக் கேட்டு, மன்ற அலுவலகத்திலிருந்து வந்திருந்த பெண் கிண்ணத்தை வைத்துவிட்டாள். எழுந்து சமையலறைக்குப் போய்த் தாயையும் மகளையும் தனியாகப் பிடித்தாள்.

"என்ன பேசிக்கிறாங்க இவங்க? தீர்மானம் தோத்துப்போச்சே! கவுன்சிலர் எழுந்து அந்தக் கத்து கத்தினார். தொப்பியைக்கூட எடுக்காமப் போயிட்டார்."

"அப்பாவே சொன்னார்" என்றாள் நெவேனா.

"பேச்சே இல்லையேடி, எப்படிச் சொன்னார்?" தொன்கா கேட்டாள்.

நெவேனா தலையை மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாள்.

தொன்கா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். "அடிப் பாவி, நம்ம பல்கேரியாவுல அது 'இல்ல'டி. ஆமாங்கறது இப்படி" என்று பக்கவாட்டில் ஆட்டினாள். "அதுகூடவா மறந்துபோச்சு உனக்கு?"

மறந்துதான் போயிருந்தது. வியன்னாவில் மேலும் கீழும் ஆட்டி ஆமாம் சொல்லிச் சொல்லிப் பழகின தலை. அப்பா கடைசி மூச்சு வரை இல்லை, இல்லை என்று கதறியிருக்கிறார். அவள் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தாள். நெவேனா முற்றத்துப் பக்கம் திரும்பினாள்.

"இப்ப எதுக்கு? சாப்பிட்டுட்டுப் போகட்டும்" என்றாள் தொன்கா, குரலைத் தாழ்த்தி. "நல்ல பேரோட போயிட்டார். தானாத் தெரியறப்ப தெரியட்டும்."

"தெரியறப்ப அப்பா பொய் சொல்லிட்டுச் செத்தார்னு ஆயிடும்மா."

முற்றத்துக்கு வந்தாள். நன்றி சொல்ல வருகிறாள் என்று நினைத்து எல்லாரும் பேச்சை நிறுத்தினார்கள்.

"தண்ணி பாஸாகல. தோத்துப்போச்சு. அப்பா சரியாத்தான் சொன்னார். அவர் தலையை ஆட்டினதை நான்தான்..."

மேலே சொல்ல வேண்டியிருக்கவில்லை. அவள் எங்கிருந்து வந்தவள் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும்.

ஒருவரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வுல்ச்சோ தன் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தான். யோர்தான்கா மேஜையைப் பிடித்து மெல்ல எழுந்து, முட்டியைத் தேய்த்துக்கொண்டு அவளிடம் வந்தாள்.

"உன் போனைக் குடு. அவன் வேற வீட்டை முடிக்கறதுக்குள்ள கேட்டுப் பாக்கறேன்."

கொடுத்தாள்.

"நீயே அழுத்தும்மா. எனக்குக் கண்ணு சரியாத் தெரியல."

யோர்தான்கா ஒவ்வொரு எண்ணாகச் சொன்னாள். நெவேனா அழுத்திவிட்டு, போனை அவள் காதருகே பிடித்துக்கொண்டு நின்றாள். அந்தப் பக்கம் மணி அடித்துக்கொண்டிருந்தது.