மாட்டுக் கொட்டகைக்குப் போன முகவரி

லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஹாரன் அடித்ததில் எடை நிலையத்தின் கண்ணாடி அதிர்ந்தது. ரோகினி குடித்துக்கொண்டிருந்த, பால் விடாத தே ஓ தேநீரை அப்படியே வைத்துவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். செம்பனை எண்ணெய் ஆலையின் வாசல் தடுப்பு உயராமல் கிடந்தது. சுவா ஊர்ப் பக்கமிருந்து பழக்குலை ஏற்றி வந்த லாரிகள் சாலை வளைவு வரை நின்றன.

தடுப்பு தானாக உயர வேண்டும். சிறுதோட்டக்காரர்கள் குலை கொட்டும் இடங்களில் எடை போட்டதும் விவரம் ஒரு கணினிக்குப் போகும். லாரி வாசலுக்கு வந்தால் அந்தக் கணினிதான் தடுப்பைத் திறக்கும். கணினி எங்கோ தூர தேசத்தில் இல்லை. பக்கத்தில் சிரம்பானிலேயே வாடகைக்கு எடுத்தது. எட்ஜ் கிளவுட் என்பார்கள். கிட்டத்தில் இருப்பதால் பதில் சட்டென்று வரும். அந்த ஏற்பாட்டை ஆலைக்குச் செய்து கொடுத்துப் பராமரிப்பது ரோகினியின் வேலை.

பழைய கணினி திணறியதால் பெரியதாக ஒன்று எடுத்திருந்தாள். எடை நிலையப் பொறுப்பாளர் திருச்செல்வத்திடம் நேற்று மாலையே பழையதை நிறுத்தி வைக்கச் சொல்லியிருந்தாள். காலையில் வந்து, அதன் பொது ஐ.பி. முகவரியை அவிழ்த்துப் புதியதில் கட்டினால் வேலை முடிந்தது. எலாஸ்டிக் ஐ.பி.யின் சௌகரியமே அதுதான்: கணினி மாறினாலும் முகவரி மாறாது. எடைக் கருவிகள் அத்தனையும் அந்த ஒரு முகவரியைத்தான் அறியும்.

இப்போது அவிழ்க்கப் போனால், முகவரியையே காணோம். யாரோ அதை வாடகைக்கு விட்ட நிறுவனத்திடமே ஒப்படைத்திருந்தார்கள்.

மேலாளர் முகுந்தன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். கடவுச்சொல் மூன்று பேருக்குத்தான் தெரியும், தானும் தொடவில்லை, ரோகினியும் தொடவில்லை என்றால் மிச்சம் யார் என்று கேட்டார். இந்தச் சிஸ்டமே வேண்டாம் என்று ஆரம்பத்தில் திருச்செல்வம் சண்டை பிடித்தது அவருக்கு மறக்கவில்லை.

"வேணும்னே கெடுத்திருந்தா அந்த ஆளு இன்னிக்கே வேலைய விட்டு வெளியாகணும். நீங்களே விசாரிச்சுச் சொல்லுங்க," என்றார்.

ரப்பர்த் தோட்டம் மூடியபோது கங்காணி மாதிரியான மண்டோர் வேலை போய் நின்ற திருச்செல்வத்தை இங்கே வேலைக்கு வைக்கச் சொன்னதே ரோகினிதான். அவரா இப்படிச் செய்வார்? கீழே அவர் வெயிலில் நின்று, லாரி ஓட்டுநர்களைக் கெஞ்சியும் மிரட்டியும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

முதலில் லாரிகள் நகர வேண்டும். குலை வெயிலில் காய்ந்தால் எண்ணெய் கெட்டுவிடும். கருவி ஒவ்வொன்றாகத் தேடிப் போய்ப் புது முகவரிக்கு மாற்றுவதென்றால் இன்றைக்கு ஆகாது. அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. அந்த முகவரி இப்போது யாரிடம் இருக்கிறது? பிரௌசரில் தட்டினாள்.

ஒரு மாடு வந்தது.

கறுப்புப் பசு. நிறைசினை. நேரடிக் காட்சியில் அவளைப் பார்த்தே அசைபோட்டது. பின்னால் சுவரில் பால் பண்ணையின் பெயர், தம்பின் ஊர் விலாசம், தொலைபேசி எண். முகுந்தன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

ரோகினி அந்த எண்ணுக்கு அழைத்தாள். எடுத்தவர் புஷ்பவள்ளி. சிரம்பானில் துணிக்கடையில் வேலை, தம்பினில் மாடுகள். வேலை நேரத்திலும் சினைமாட்டைப் பார்த்துக்கொள்ள, மருமகன் இன்று காலைதான் கேமராவும் அதே நிறுவனத்தில் ஒரு வாடகைக் கணினியும் ஏற்பாடு செய்திருந்தாராம். ஒப்படைத்த முகவரி பொதுக் கையிருப்புக்குப் போய், அடுத்துக் கேட்டவர் கைக்கு வந்திருக்கிறது. ரோகினி விளக்க விளக்க, அந்தப் பக்கம் சந்தேகம்தான் கூடியது.

"இப்படித்தான் எங்க கடையில ஒருத்திய ஏமாத்தினாங்க. ஓடிபி கேட்டீங்கன்னா நான் போலீசுக்குப் போவேன் லா."

"ஓடிபி வேணாங்க்கா. உங்க மாடு இப்ப எந்திரிச்சு நிக்குது. வாலத் தூக்கிக்கிட்டுச் சுத்திச் சுத்தி வருது."

அது ஈனப்போகும் அறிகுறி; புஷ்பவள்ளியின் குரல் மாறியது. வீட்டில் கணவருக்குச் சொல்லிவிட்டு உடனே கூப்பிடுவதாகச் சொன்னார். சொன்னபடி கூப்பிட்டார்.

"என்ன செய்யணும் சொல்லு தங்கச்சி. மாடு மட்டும் என் கண்ணுலருந்து மறையக்கூடாது."

முதலில் மாட்டுக் கேமராவுக்கு வேறொரு முகவரி எடுத்துக் கட்ட வைத்தாள். அந்த இணையப் பக்கத்துக்குக் கடவுச்சொல்லும் போட வைத்தாள். அடுத்ததுதான் ஆபத்தான கட்டம். பழைய முகவரியை 'விடுவி' என்று தட்டினால் அது மறுபடி கையிருப்புக்குப் போய் மூன்றாவது ஆளிடம் சிக்கும். 'கைமாற்று' என்பதைத்தான் தட்ட வேண்டும். புஷ்பவள்ளி திரையில் உள்ளதை எழுத்துக்கூட்டிப் படித்துக் காட்டித் தட்டினார். ரோகினி ஏற்றுக்கொண்டு, புதிய கணினியில் கட்டினாள்.

தடுப்பு உயர்ந்தது. முதல் லாரி உறுமிக்கொண்டு உள்ளே வந்தது.

முகுந்தன் சிரிக்கவில்லை. வாங்க, விசாரிக்கலாம் என்று முன்னால் நடந்தார். ரோகினி பின்னால் இறங்கினாள். வாசலில் திருச்செல்வம் துண்டால் முகத்தைத் துடைத்தபடி, கோளாறு எங்கே என்று அவளிடமே கேட்டார்.

"அண்ணே, மறைக்காம சொல்லுங்க. நேத்து அந்த முகவரிய ஒப்படைச்சது நீங்களா?"

அவர் முகத்தில் பயமே இல்லை. நல்ல வேலை செய்தவரின் நிமிர்வுதான் இருந்தது.

"ஆமாம்மா, நான்தான். தோட்டத்துல வேலைய விட்டு நிக்கிறவன் தன் நம்பர ஆபீஸ்ல திருப்பிக் குடுத்தாத்தானே புது ஆளுக்கு அது விழும்? நீங்க வந்து காத்துக்கிட்டு நிக்கக்கூடாதுன்னு, பழைய மிஷின நிறுத்தின கையோட அது நம்பரையும் குடுத்துட்டேன்."