கோதுமை ‘வா’ ஆன கதை

மிஸிஸ் லாவின் சீனப் பேக்கரியில் எட்டு மாதமாகத் தட்டுக் கழுவிய வேரோனிக்காவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. கடைக் கதவில் 來 என்று எழுதியிருந்தது. மாவுச் சாக்கிலோ 麥 என்று இருந்தது. அதன் மேல்பாதியும் அதே 來தான்.

“கதவில் உள்ளது ‘வா’. சாக்கில் உள்ளது ‘கோதுமை’. ஏன் ஒரே மாதிரி என்று கேட்டால் எனக்குத் தெரியாது” என்று சிரித்தார் மிஸிஸ் லா. “பள்ளியில் எழுதச் சொன்னார்கள், எழுதினோம்.”

வேரோனிக்காவால் அதை அப்படியே விட முடியவில்லை. சனிக்கிழமை மல்வேர்ன் நூலகத்துக்குப் போய்ப் படங்கள் நிறைந்த ஒரு புத்தகத்தைத் தேடிப் பிடித்தாள். மூவாயிரம் வருடத்துக்கு முன் எலும்பில் கீறிய 來, அச்சொட்டாக ஒரு கோதுமைச் செடி. ‘வா’ என்பதற்கான சீனச் சொல்லின் ஓசையும் கோதுமையின் பெயரை ஒத்திருந்ததால் எழுத்தை அதற்கு இரவல் கொடுத்துவிட்டார்கள். பிறகு அந்த எழுத்தின் கீழே ஒரு பாதத்தின் வடிவத்தைச் சேர்த்துக் கோதுமைக்கு வைத்துக்கொண்டார்கள்.

“கோதுமை எப்பிடியப்பா ‘வா’ ஆகும்?” என்றான் கணவன் யோசப்.

“நாற்றம் எண்டால் முந்தி நல்ல மணம்தானே? இப்ப ஆருக்கும் சொல்லிப் பாருங்கோ, அடிக்க வருவினம்” என்றாள் அவள்.

தொண்ணூற்றாறு மார்ச்சில் மிஸிஸ் லா யூனியன்வில்லில் இரண்டாவது கடையைத் திறந்தார். அன்று காலை, கேக் அலங்கரிக்கிற வோங் தெருவில் உறைந்திருந்த ஐஸில் வழுக்கிக் கையை முறித்துக்கொண்டதாக ஃபோன் வந்தது. இருநூறு பேருக்கான கேக் எழுத்து எதுவும் இல்லாமல் வெறுமையாக மேசையில் இருந்தது. மிஸிஸ் லா தலையில் கைவைத்தபடி உட்கார்ந்துவிட்டார்.

“நான் எழுதுறன்” என்றாள் வேரோனிக்கா ஆங்கிலத்தில்.

“நீயா? சீனமா?”

மன்னாரில் மாதா கோயில் கலியாணங்களுக்கெல்லாம் ஐசிங் போட்டவள் அவள். பட்டர்க் கடதாசியில் 來 என்று ஒரே மூச்சில் எழுதிக் காட்டினாள். மிஸிஸ் லா ஐசிங் பையை எடுத்து நீட்டினார்.

நடுவில் சிவப்பில் ‘வா’. அதைச் சுற்றிப் பொன்னிறத்தில், கதிர் சாய்ந்த அந்தப் பழைய எழுத்து, இருபது தடவை.

விருந்தினர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற சீன ஆசிரியர். கேக்கின் மேல் குனிந்தவர் நிமிரவேயில்லை. “இதை எழுதியது யார்?” என்று உரத்துக் கேட்டார். ஏப்ரனோடு நின்ற அவளை மிஸிஸ் லா முன்னே தள்ளினார். அவளும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், செடி சொல்லான கதையைத் தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தாள்.

“நாற்பது வருடம் இந்த எழுத்தைப் படிப்பித்தேன்” என்றார் அவர். “ஏன் இப்படி என்று ஒரு மாணவன்கூடக் கேட்கவில்லை.” அவர் கை தட்டினார். கடை முழுவதும் சேர்ந்து தட்டியது. கேக்கை வெட்ட விடாமல் படம் எடுக்கவே ஆட்கள் வரிசையில் நின்றார்கள்.

பின்னேரம் யோசப் காரோடு வந்தான்.

“திங்கக்கிழமையிலயிருந்து நான் தட்டுக் கழுவ மாட்டன்” என்றாள் அவள் ஏறியதும்.

“ஐயோ, வேலை போட்டுதே?”

“போகேல்லை, உயர்ந்திட்டுது. கேக் அலங்கரிக்க வோங்குக்குப் பக்கத்து மேசை எனக்கு!”

யோசப் ஹோர்னை மூன்று தரம் அடித்தான்.