அரபிக்காரன் போட்ட சிலுவை

என் வீட்டுக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். சிஜோ என்ற அந்த உத்தமர் வளைகுடாவில் இருந்துகொண்டு முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரிய தீம் பார்க் திறந்த அன்றைக்குத்தான், அதுவும் டி.வி.யில்தான், எனக்கு அது தெரிந்தது.

முதலில் அவர் அங்கே போனது குழாய் பதிக்கிற வேலைக்கு. பாலைவனத்துக்கு நடுவில் ஒரு கடலையே கொண்டுவந்து வைக்கப்போகிறார்கள், கண்ணாடிச் சுவருக்குள் மீன்களை விட்டு உலகத்துக்கே காட்டப்போகிறார்கள் என்று போனில் சொல்வார். வேலை முடிகிற சமயத்தில், தன்னை டிக்கெட் கவுண்டருக்கு மாற்றிவிட்டார்கள், ஏசி அறை, உட்கார்ந்து பார்க்கிற வேலை என்றார். நான் குளச்சலுக்கு மேற்கே உள்ள எங்கள் துறையிலிருந்து ஸ்கூட்டரில் மீன் ஏற்றிப்போய் உள்நாட்டுத் தெருக்களில் விற்கிறவள். மீனுக்குப் பேரம் பேசுகிற ஒவ்வொரு வாசலிலும் இந்த ஏசி அறையைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன். வழக்கமாக மீன் வாங்குகிற ஜெயபாய் டீச்சர் என்னைக் கண்டாலே, டிக்கெட்டுக்காரர் சுகமா என்றுதான் கேட்பார்.

ஏசி அறைக்காக மட்டும் அவ்வளவு சந்தோஷமா என்றால், இல்லை. அவர் தண்ணீருக்குள் இறங்கவில்லை என்கிற சந்தோஷம் அது.

என் அண்ணன் மரியானும் இவரும் ஒன்றாகச் சிப்பிக்கு முங்குகிறவர்கள். கரையிலிருந்து கொஞ்ச தூரத்தில் கடலுக்குள் இருக்கும் பாறைகளில் சிப்பி ஒட்டிக் கிடக்கும். மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி, உளியால் பெயர்த்து, இடுப்பில் கட்டிய வலைப்பையில் போட்டுக்கொண்டு மேலே வரவேண்டும். நாலு வருடத்துக்கு முன்னால் ஒரு காலையில் மரியான் முங்கினான், மேலே வரவில்லை. இவர்தான் திரும்பத் திரும்ப இறங்கி அவனைக் கொண்டுவந்தார். சவப்பெட்டியை மூடுவதற்கு முன்னால் இவர் கையைப் பிடித்து அண்ணன் நெஞ்சில் வைத்து, இனிமேல் முங்கமாட்டேன் என்று நான் சத்தியம் வாங்கினேன். அன்றையிலிருந்து என் அம்மை சிப்பி தின்பதில்லை. கடல் பக்கத்துச் சன்னலைத் திறக்கவும் விடமாட்டாள்.

பார்க் திறந்தது ஒரு வெள்ளிக்கிழமை. யூடியூபில் நேரடியாகக் காட்டுகிறார்கள் என்று அவர் வாய் தவறிச் சொல்லியிருந்தார். பார்க்காண்டாம், போரடிக்கும் என்றும் சேர்த்துச் சொன்னார். பார்க்காதே என்றால் பார்க்காமல் இருக்கிற ஆளா நான்? மீனை விற்றுவிட்டு வந்து, குளித்து, டி.வி.யில் போட்டுவிட்டேன். பக்கத்து வீட்டுப் பிரிஜா ஒரு தட்டு நிறையப் பழம்பொரியோடு வந்து முன்னால் உட்கார்ந்தாள். அம்மை அடுக்களை வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.

வாசலே எங்கள் கோயிலைவிட உயரம். அதற்கு அந்தப் பக்கம் மலை, மலைமேலிருந்து அருவி. திற்பரப்பு அருவியை நாலைந்து எண்ணம் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அதன் உயரம் வராது. அந்த அருவிக்குள் புகுந்து புறப்பட்டு ஒரு ரோலர் கோஸ்டர் ஓடுகிறது. அதில் இருப்பவர்கள் அலறுகிறார்கள், சிரிக்கிறார்கள். மணலைத் தவிர வேறொன்றும் இல்லாத ஊரில் மனுஷன் இதையெல்லாம் உண்டாக்கியிருக்கிறானே என்று பிரிஜா வாயைத் திறந்தவள் பழம்பொரியைக் கடிக்க மறந்துபோனாள். எனக்கும் மலைப்புத்தான். ஆனால் என் கண் டிக்கெட் கவுண்டர்களைத் தேடியது. ஒவ்வொரு கவுண்டரிலும் பெண்பிள்ளைகளாக இருந்தார்கள். ஆண்களுக்குத் தனிக் கவுண்டர் பின்பக்கம் இருக்கும் என்று பிரிஜாவுக்கு விளக்கம் வேறு கொடுத்தேன்.

பிறகு அந்தத் தொட்டியைக் காட்டினார்கள்.

தொட்டி என்று சொன்னால் பாவம். வட்டக்கோட்டை மதிலுக்கு மேல் இன்னொரு மதில் கட்டி, அவ்வளவையும் கண்ணாடியாக்கினது போல ஒரு சுவர். அதற்குக் கீழே நின்ற ஆட்கள் எறும்பாகத் தெரிந்தார்கள். கண்ணாடிக்குள் நீலத் தண்ணீர், மேலிருந்து வெயில் போல வெளிச்சம் சரிந்து இறங்குகிறது. அதற்குள் ஒரு கொம்புத்திருக்கை வந்தது. திருக்கையை எனக்குத் தெரியாதா? மணலில் போட்டுத் துண்டு துண்டாக வெட்டிக் கூறு வைத்து எத்தனை விற்றிருக்கிறேன். செத்துக் கிடக்கிற திருக்கை ஒரு நனைந்த சாக்கு, அவ்வளவுதான். இது இரண்டு பக்கத்தையும் விரித்து, மெதுவாக ஏற்றி இறக்கிப் பறந்து போயிற்று. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு வருடம் மீன் விற்று, உயிரோடு இருக்கிற மீன் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

அதற்குப் பின்னால் வந்தது ஒரு புள்ளிச் சுறா. எங்கள் வள்ளங்களைவிட நீளம். உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளி, சாதுவான முகம். அது கடந்து போகும்வரை அந்த ஆயிரக்கணக்கான கூட்டம் மூச்சு விடவில்லை.

அடுத்து நாடகம். எண்ணெய் கிடைப்பதற்கு முன்னால் அந்த நாட்டு முன்னோர்கள் முத்துக் குளித்துத்தான் பிழைத்தார்களாம். அதைக் காட்டுவதற்காகத் தொட்டியின் மேல்பரப்பில் ஒரு பழைய பாய்மர வள்ளத்தை மிதக்க விட்டார்கள். கறுப்புத் துணிச் சட்டை, தலைத்துணி, மூக்கில் கிளிப்பு, கழுத்தில் கூடை, காலில் கல் கட்டிய கயிறு என்று முன்னோர்கள் வரிசையாக வள்ளத்தின் ஓரத்தில் இறங்கி நின்றார்கள். மேலே கயிறு பிடிக்க ஆளுக்கு ஒருவர். அறிவிப்புக்காரர் ஆங்கிலத்திலும் அரபியிலும் உருகி உருகிப் பேசினார்.

அப்போது வரிசையில் இரண்டாவதாக நின்ற அரபிக்காரன் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளினான். நெற்றியில் தேய்த்தான். நெற்றி, நெஞ்சு, இடது தோள், வலது தோள் என்று சிலுவை போட்டு, விரலை நாக்கில் வைத்தான்.

எங்கள் துறையில் பாறைக்குப் போகிறவர்கள் முதல் முங்குக்கு முன்னால் செய்கிற காரியம் அது. கடல் தண்ணீரில் சிலுவை போட்டு உப்பை நாக்கில் வைக்காமல் ஒருவனும் இறங்கமாட்டான். அந்த நாட்டு முன்னோர்களில் ஒருவன், ராஜாக்களும் மந்திரிகளும் உட்கார்ந்திருக்கிற சபையில், கேமராவுக்கு நேராக அதைச் செய்துவிட்டான். பிரிஜா என்னைப் பார்த்தாள். மூக்குக் கிளிப்பும் தலைத்துணியும் போட்டால் ஆளை மறைத்துவிடலாம், கையை என்ன செய்வது? என் டிக்கெட்டுக்காரர் கையும் களவுமாகப் பிடிபட்டு நின்றார்.

நான் எழுந்தே விட்டேன். கோபமா பயமா என்று எனக்கே தெரியவில்லை. அண்ணன் நெஞ்சில் வைத்த கை அல்லவா அது என்றுதான் முதலில் நினைத்தேன். டி.வி.யை நிறுத்தப் போனேன். அதற்குள் அம்மை வந்து டி.வி.க்கு நேர் முன்னால் நின்றிருந்தாள். எப்போது எழுந்தாள், எப்போது வந்தாள் என்று தெரியாது. மடியிலிருந்த உள்ளித் தோலெல்லாம் தரையில் கிடந்தது. நிறுத்தாண்டாம் என்று கையைக் காட்டினாள்.

அவர் இறங்கினார். காலில் கட்டிய கல் அவரை நேராகக் கீழே கொண்டுபோயிற்று. கேமரா கண்ணாடிக்கு வெளியே அவரோடு சேர்ந்து இறங்கியது. திருக்கைகள் விலகி வழி கொடுத்தன. அடியில் போனதும் காலைக் கல்லிலிருந்து எடுத்துவிட்டு, மணலில் முட்டுப்போட்டு, ஒவ்வொரு சிப்பியாகப் பொறுக்கிக் கூடையில் போட்டார். அவசரமே இல்லை. வீட்டில் தண்ணீர்க் குடத்தை எடுத்து வைக்கச் சொன்னால் தட்டித் தடுமாறுகிற மனுஷன், அங்கே தன் வீட்டு முற்றத்தில் நடமாடுகிறது போல நடமாடினார். அப்போது அந்தப் புள்ளிச் சுறா திரும்பி வந்தது. நேராக அவர் தலைக்கு மேலே வந்து, வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு, மெல்ல மெல்லக் கடந்தது. அவர் வேலையை நிறுத்திவிட்டு முகத்தை உயர்த்தி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் என்னை அறியாமல் பிடித்துவைத்திருந்த மூச்சு முட்டி, வாயைத் திறந்து விட்டுவிட்டேன். அவர் இன்னும் அடியில்தான் இருந்தார்.

பிறகு கயிற்றை இழுத்துக் காட்டினார். மேலே இருந்தவர் இழுக்க ஆரம்பித்தார். கை இரண்டையும் உடம்போடு ஒட்டிக்கொண்டு, குமிழி முன்னால் போக, அவர் அந்த வெளிச்சத்துக்குள் ஏறி வந்தார். தலை தண்ணீரைப் பிளந்துகொண்டு வெளியே வந்ததும் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அம்மை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அதன்பின் நான் அவருக்கு எத்தனை முறை போன் போட்டேன் என்று கேட்காதீர்கள். அவர் எடுக்கவில்லை. அந்த இடைவெளியில், சொல்ல வேண்டிய வசவுகளையெல்லாம் வரிசையாக அடுக்கி வைத்தேன். நல்ல நல்ல வசவுகள். பிரிஜாகூட இரண்டு எடுத்துக் கொடுத்தாள். சாயங்காலம் கோயிலில் சந்தி மணி அடிக்கிற நேரத்துக்கு அவரே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டேன்.

எடுத்த உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். தொட்டியில் தண்ணீர் நிறைத்துச் சோதித்தபோது அடியில் ஒரு வடிகட்டி அடைத்துக்கொண்டதாம். முதுகில் சிலிண்டர் கட்டி முங்குகிறவர்கள் வருவதற்குள் இவர் சும்மா முங்கி அடைப்பை எடுத்துவிட்டாராம். அதைப் பார்த்த, நாடகம் நடத்துகிற வெள்ளைக்காரன் முத்துக் குளிக்கிற வேஷத்துக்கு இவரையே பிடித்துக்கொண்டானாம். தொட்டிக்குள் இருக்கிற பாறைக்குப் பின்னால் சிலிண்டர் போட்ட இரண்டு பேர் எப்போதும் காவல் இருப்பார்களாம். இன்றைக்குச் சிலுவை போட்டதற்கு மேனேஜர் கூப்பிட்டு, முன்னோர்கள் அப்படிச் செய்யமாட்டார்கள் தம்பி என்று சொல்லிவிட்டுச் சிரித்தானாம்.

"சத்தியத்த மறக்கேல பெபி," என்றார். "அவன் நெஞ்சு குளுந்து கெடந்தது இப்பவும் என் கையில இருக்கு. நீ வான்னு ஒரு வார்த்த சொல்லு. நாளைக்கே விட்டுட்டு வாறேன்."

அவர் சொன்னால் செய்வார். வா என்ற சொல் என் நாக்கு நுனியில் நின்றது. ஆனால் நான் கேட்டது வேறு.

"அடியில எப்பவும் அவ்வளவு வெளிச்சமா?"

"இஞ்ச லைட்டு போட்டிருக்காங்க."

"நான் இஞ்ச உள்ள பாறைய கேக்கேன்."

மழை இல்லாத மாதங்களில் நம் பாறைக்கு அடியிலும் வெயில் இறங்கும் என்றார். கோயில் சன்னல் கண்ணாடி வழியாக வருகிற வெளிச்சம் போலப் பச்சையாக இருக்குமாம். மீன்கள் வந்து கையை முகர்ந்து பார்த்துவிட்டுப் போகுமாம். மரியான் சில சமயம் சிப்பி வெட்டுவதை விட்டுவிட்டு அந்த வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம். மேலே வந்ததும் இவர் அவனைத் திட்டுவாராம்.

"அவன் போன அண்ணைக்கு?"

"அண்ணைக்கு தண்ணி நல்ல தெளிவாட்டு கெடந்துது பெபி."

நாலு வருடமாக நான் கண்ணை மூடினால் வருவது ஒரே இருட்டு. என் அண்ணன் அந்த இருட்டுக்குள் தனியாகக் கிடந்து தவித்தான் என்றே நினைத்து நினைத்து வெந்திருக்கிறேன். அவனைச் சுற்றி வெளிச்சம் இருந்தது என்று எனக்கு யாருமே சொல்லவில்லை. நான் யாரையும் பேச விட்டதும் இல்லை. அழுகை பொங்கி வந்தது. அடுக்கி வைத்த வசவில் ஒன்றுகூட நினைவில் இல்லை. ஆனாலும் வா என்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தது. வெளிச்சமாக இருந்தால் மட்டும் என்ன, போனவன் போனவன்தானே?

அம்மை தரையிலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"மக்கா, அவன் மேல வாறத மட்டும் இன்னொருக்கா போடு."

நான் ரிமோட்டை எடுத்து, பாய்மர வள்ளம், அறிவிப்பு, சுறா எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, கயிறு அசைகிற இடத்தில் நிறுத்திப் போட்டேன். அவர் ஏறி வந்தார். தலை வெளியே வந்தது.

"வந்துட்டான்," என்றாள் அம்மை.

இன்னொருக்கா என்றாள். போட்டேன். தலை வெளியே வந்ததும், வந்துட்டான் என்றாள். அதற்கப்புறம் அவள் கேட்கவே இல்லை, நானாகவே போட்டுக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் அவள் கழுத்தை நீட்டி, வருவானோ வரமாட்டானோ என்று காத்திருந்து, தலை தெரிந்ததும் மூச்சை விட்டாள். பிரிஜா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். போனை யாரும் துண்டிக்கவில்லை. அவர் அந்தப் பக்கம் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் போனைக் கையில் எடுத்தேன்.

"நீங்க அங்கேயே நில்லுங்க," என்றேன். "ஆனா ஒவ்வொரு நாளும் மேல வந்த உடனே போன் போடணும். எனக்கு வேண்டாம். அம்மைக்கு."