கத்திரிக்காய்க் குழம்பின் மேல் விழுந்த பழி

கண்ணகியிடம் எதைப் பற்றி வேண்டுமானாலும் குறை சொல்லலாம், சமையலைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. மூக்கு நுனி சிவந்துவிடும். சிவக்காதா பின்னே? தாயில்லாத வீட்டில், அடுப்பு எட்டாத வயதிலேயே முக்காலி மேல் ஏறி நின்று சோறு வடித்தவள். களமருதூரில் அவள் கத்திரிக்காய்க் காரக்குழம்பு கொதித்தால் அக்கம்பக்கத்தார் கிண்ணத்தோடு வந்து நிற்பார்கள். அப்படிப்பட்டவளைத் தை மாதம் கட்டிக்கொண்டு கள்ளக்குறிச்சிக்குப் போனான் இளஞ்செழியன். ஆடி முடிவதற்குள் அந்தக் குழம்பின் மேல் கொலைப்பழி விழாத குறை.

இளஞ்செழியனுக்குப் பக்கீர் முகமது பாயின் அச்சகத்தில் வேலை. அதுவரை அச்சு மிஷினைக் காலால் மிதித்து ஓட்டிக்கொண்டிருந்தவனை, கல்யாணம் ஆனதும் பாய் அச்சுக்கோக்கிற வேலைக்கு உயர்த்தினார். ஈயத்தில் வார்த்த குட்டிக் குட்டி எழுத்துகளைப் பொறுக்கி வரிசையாக அடுக்க வேண்டும். எண்பத்தேழாம் வருஷம் அது. இட ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகக் கூட்டம், ஊர்வலம். வேண்டும் என்பவர்களுக்கும் நோட்டீஸ், கூடாது என்பவர்களுக்கும் நோட்டீஸ், இரண்டு பேரும் அமைதியாக இருங்கள் என்பவர்களுக்கும் நோட்டீஸ். அத்தனையும் பாய் அச்சகத்தில்தான். கண்ணகி கட்டிக் கொடுத்த சோற்றை அங்கேயே தின்று, பாதி நாள் அங்கேயே கிடந்தான் இளஞ்செழியன்.

முதலில் பசி போயிற்று. அப்புறம் வயிற்றைச் சுருட்டிப் பிடிக்கிற வலி. வெளிக்குப் போய் நாள் கணக்காகும். வாயில் என்னவோ துரு நக்கினாற்போல ருசி என்பான். எதற்கெடுத்தாலும் சிரிக்கிறவன், உப்பு எங்கே என்று கேட்டால்கூட எரிந்து விழுந்தான். காலையில் எழுந்தால் குமட்டல் வேறு.

"வாந்தி எடுக்க வேண்டியவ நீ. உனக்குப் பதிலா அவன் எடுக்கறானே, இன்னாடி கூத்து இது?" என்று தெருக்குழாயில் பெண்கள் கேலி செய்தார்கள். கண்ணகியும் சிரித்து வைத்தாள். ஆனால் மாமியார் ராஜாம்பாள் சிரிக்கவில்லை.

"கல்லத் துன்னாலும் செரிச்ச புள்ள. தை மாசத்துல இருந்துதான் இப்பிடி. எல்லாம் இவ கொட்ற காரம்" என்றாள். மருமகளை அடுப்படிக்கே வரவிடாமல் தானே பத்தியச் சமையல் செய்தாள். அப்போதும் அவனுக்கு வலி நிற்கவில்லை.

"இப்பதான் நான் சமைக்கலையே அத்தே?" என்றாள் கண்ணகி.

"துன்னது இன்னும் கொடல்லயே கெடக்குது!"

கடைசியில் ராஜாம்பாள் தீர்ப்பே சொல்லிவிட்டாள். "செழியா, இவள அவங்கப்பன் வூட்ல வுட்டுட்டு வா. கொஞ்ச நாள் இருக்கட்டும்." அந்தக் கொஞ்ச நாளுக்கு முடிவு கிடையாது என்பது கண்ணகிக்குத் தெரியும். இளஞ்செழியனுக்கு எதிர்த்துப் பேசவும் தெம்பில்லை. அவன் தலை குனிந்து பெட்டியைத் தூக்கியதைப் பார்த்து அவளுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகமாக வந்தது.

களமருதூரில் பெட்டியோடு மகள் வந்து இறங்கியதுமே அப்பா சடையனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் மாப்பிள்ளையை, "வாங்க மாப்ள" என்றார். மாப்பிள்ளை ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டியவர். எங்கே கிளம்புவது? இட ஒதுக்கீடு கேட்டு மறுநாள் தொடங்குவதாக இருந்த சாலை மறியலுக்கு, கள்ளக்குறிச்சி போகிற வழியில் எலவனாசூர்கோட்டைப் பக்கம் இவர்கள் வந்த பஸ் தாண்டியதுமே புளியமரங்களை வெட்டிச் சாய்த்துவிட்டார்கள். பஸ் இல்லை, லாரி இல்லை, சைக்கிள்கூடப் போக முடியவில்லை. பெண்டாட்டியைக் கொண்டு விட வந்தவர் மாமனார் வீட்டில் வசமாக மாட்டிக்கொண்டார்!

கண்ணகி இடுப்பில் முந்தானையைச் செருகினாள். "என் சமையல்தான ஆவல? இங்க நான்தான் சமைப்பேன். துன்னா துன்னுங்க, இல்லாட்டி பட்டினி கெடங்க."

அம்மியில் மிளகாயை அவள் அரைத்த வேகத்தைப் பார்த்துச் சடையன் மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார். குழம்பு வழக்கத்தைவிடக் காரம். முதல் இரண்டு நாள் இளஞ்செழியன் சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தான். அப்புறம் ஒரு கரண்டி கேட்டான். அப்புறம் இன்னொரு கரண்டி. ஒரு வாரம் கழித்து, மரங்களை அப்புறப்படுத்திப் பஸ் ஓடப்போகிறது என்று செய்தி வந்த நாளில், அவன் குழம்புச் சட்டியிலேயே சோற்றைப் போட்டுப் பிசைந்து வழித்துக்கொண்டிருந்தான். வலி எங்கே போயிற்றென்றே தெரியவில்லை.

கண்ணகிக்கு சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே மண்டையும் குடைந்தது. அதே மிளகாய், அதே புளி, அதே கை. அங்கே விஷமான குழம்பு இங்கே எப்படி மருந்தாகும்? கள்ளக்குறிச்சித் தண்ணீரா? அதைக் குடிக்கிற அத்தை குத்துக்கல் மாதிரி இருக்கிறாளே. அப்படியானால் இவன் மட்டும் போகிற இடம் எது?

அன்று மாலை கொட்டகைக் கதவுக்குப் பலகை அடித்தார்கள். இளஞ்செழியன் ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து அடித்தான். வலது மணிக்கட்டு தொங்கி, சுத்தியல் இரண்டு தரம் நழுவியது.

"ஆணிய ஏன் வாயில வெக்கிறீங்க?"

"பயக்கம் புள்ள. தப்பு திருத்தறப்ப எயுத்த இப்பிடித்தான் கவ்விப்பேன். ரெண்டு கையிலயும் வேல இருக்குதில்ல?"

"அந்த எயுத்து ஈயந்தான?"

"பின்ன தங்கமா?" என்று வாய்விட்டுச் சிரித்தான். பல மாதம் கழித்து வந்த சிரிப்பு. அப்போதுதான் அவள் பார்த்தாள். கீழ்ப் பல்வரிசையை ஒட்டி ஈறில் பேனாவால் இழுத்தாற்போல ஒரு கருநீலக் கோடு. தேங்காய் நாரும் சாம்பலும் வைத்துத் தேய்த்தும் அது போகவில்லை.

மறுநாள் பஸ் வந்தது. இளஞ்செழியன் தயங்கித் தயங்கித் துண்டைத் தோளில் போட்டான். கண்ணகி தன் பெட்டியைத் தூக்கி அவன் தலையில் வைத்தாள். "மொதல்ல உளுந்தூர்பேட்ட டாக்டரம்மாகிட்ட. அப்பறம் உங்க அம்மாகிட்ட."

டாக்டரம்மா இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் குறைவு. இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். வலது கை மணிக்கட்டில் தொங்கியது. வாயைத் திறக்கச் சொன்னவர், "இன்னா வேலை பாக்குற?" என்று கேட்டார். பதிலைச் சொன்னது கண்ணகிதான். ஆணி, எழுத்து, குழம்பு, மாமியார், புளியமரம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டாள்.

"காரீய விஷம்மா இது. அந்த எழுத்துல இருக்கற ஈயந்தான் வாய் வழியா ஒடம்புக்குள்ள போயிருக்கு. வயித்து வலி, மலச்சிக்கல், சோகை, கை தொங்கறது, சிடுசிடுப்பு, ஈறுல கோடு எல்லாமே அதோட அடையாளம். ரத்தத்த மெட்ராசுக்கு அனுப்பி உறுதி பண்ணிக்கலாம். அது வர்ற வரைக்கும் அந்த எழுத்தத் தொடாத. அச்சாபீசுல ஒரு வாய் தண்ணி கூட குடிக்காத. அந்த அழுக்குத் துணியோட வூட்டுக்குள்ளயும் போவாத" என்றார் டாக்டரம்மா.

"அப்ப காரக்கொழம்பு, டாக்டர்?" கண்ணகிக்கு அது தெரிந்தாக வேண்டும்.

"நல்லா சாப்பிடட்டும். எனக்கும் ஒரு நாள் கொண்டாயேன்."

அந்த நேரம் கண்ணகிக்கு யார் காலிலாவது விழ வேண்டும்போல் இருந்தது. ஆனந்தத்தில் இளஞ்செழியனின் முதுகில் ஓங்கி ஒரு அடி வைத்தாள்.

கள்ளக்குறிச்சியில் இறங்கியதும் பாயிடம் விஷயத்தைச் சொன்னார்கள். பாய் வெளிறிப்போய்க் கண்ணாடி முன் ஓடி ஆவென்று வாயைத் திறந்து பார்த்தார். "யா அல்லா, எனக்கு வெத்தல கறை மட்டுந்தான்!" என்று உட்கார்ந்துவிட்டார். உடனே வாசலில் ஒரு அண்டாத் தண்ணீரும் சோப்பும் வைக்க ஆள் அனுப்பினார். உள்ளே எவனும் வாயில் எழுத்தை வைக்கக் கூடாது, சோற்றுப் பொட்டலம் பிரிக்கக் கூடாது என்று சத்தம் போட்டார். இளஞ்செழியனை வெளியூர் ஆர்டர் பிடிக்கிற வேலைக்கு மாற்றினார்.

வீட்டு வாசலில் ராஜாம்பாள் இடுப்பில் கை வைத்து நின்றாள். "கொண்டு வுட போனவன் கூட்டிக்கினு வந்து நிக்கிறியே!"

"வெசம் ஈயத்துலம்மா, கொழம்புல இல்ல" என்று அவன் ஈறைக் காட்டினான், டாக்டர் சொன்னதைச் சொன்னான். ராஜாம்பாள் மகனின் கொஞ்சம் தேறியிருந்த கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். மருமகளைப் பார்க்க முடியாமல் கூரையைப் பார்த்தாள். பிறகு உள்ளே போனாள். முறத்தில் கத்திரிக்காயைக் கொண்டுவந்து கண்ணகியின் முன்னால் வைத்தாள்.

அன்றைக்கு மூவருமாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ராஜாம்பாளுக்குக் கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிந்தது. காரத்தாலோ வேறெதனாலோ, கண்ணகி தண்ணீர்ச் செம்பை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"காரம் ஜாஸ்திதான்" என்றாள் ராஜாம்பாள், தட்டை நீட்டியபடி. "இன்னும் ரெண்டு கரண்டி ஊத்துடி."