ஏறியாச்சா?

நாங்கள் அலுமினிய ஏணிகள் செய்கிறோம். முத்திரை குத்துபவர் ஒவ்வோர் ஏணியிலும் மேல்படிவரை ஏறி, நின்று பத்து எண்ணி, இறங்கிய பிறகே குத்த வேண்டும் என்பது நிறுவனத்தைத் தொடங்கியவர் வகுத்த விதி. நாளடைவில் ‘ஏறுவது’ என்ற சொல் ஏணியை விட்டு எல்லாவற்றுக்கும் பரவிவிட்டது. விடுப்பு விண்ணப்பத்தை நீட்டினால்கூட, “ஏறியாச்சா?” என்றுதான் கேட்பார்கள். ஒழுங்காகச் சரிபார்த்தாயிற்றா என்று பொருள்.

முத்திரை குத்துபவள் நான். அந்த விதியை ஒருமுறை மீறியவளும் நானே என்பதைப் பணிவுடன் ஒப்புக்கொள்கிறேன்.

ஒரு மருத்துவமனைக் கட்டட வேலைக்கு நூற்றிருபது ஏணிகள் போக வேண்டியிருந்தது. விற்பனையைக் கவனிப்பவர் எங்கள் தலைவியின் தம்பி, சின்னவர் என்போம். மாலைக்குள் முடியுமா என்று மூன்று முறை வந்து என் அருகில் நின்றார். எழுபத்திரண்டில் ஏறினேன். மீதி நாற்பத்தெட்டில் ஏறாமலே குத்தினேன். அவரிடம் முடியாது என்று சொல்ல நா எழவில்லை. வேறு காரணம் எதையும் கூறுவதற்கில்லை.

மறுநாள் காலை லாரி புறப்பட்டது. ஏணிகளை ஏற்றிவிட்டு வந்தவரை ஒட்டடை என்று அழைப்போம். ஏணியே இல்லாமல் கூரையில் ஒட்டடை அடிக்கும் உயரம் அவருக்கு. போகிற போக்கில், “எல்லாம் ஏறியாச்சாம்மா?” என்றார். வழக்கமான கேள்விதான்.

தலைவியின் அறைக்குச் சென்று முத்திரையை மேசைமீது வைத்தேன். வேலை போய்விடும் என்று தெரிந்தே வைத்தேன்.

“நாப்பத்தெட்டுல நான் ஏறலக்கா.”

எந்த வரிசை எண்கள் என்று மட்டும் கேட்டார். உடனே லாரி ஓட்டுநருக்குப் பேசி வண்டியைத் திருப்பச் சொன்னார்.

சின்னவர் ஓடி வந்தார். மருத்துவமனைக் கட்டடத்தார் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்கள், பிறகு நாம் கடையைச் சாத்த வேண்டியதுதான் என்று பொரிந்து தள்ளினார். என்னையும் இரண்டு வார்த்தை சொன்னார். தலைவி குறுக்கிட்டார்.

“அவளைச் சொல்லாத. நீ பக்கத்துல போய் நின்னதை நேத்து நான் பார்த்தேன். பார்த்துட்டுச் சும்மா இருந்தேன். தப்பு என்னோடது. வா, ஏறு.”

“நானா?”

“அவசரம் உனக்குத்தானே?”

லாரி திரும்பியதும், இறக்கிய அந்த நாற்பத்தெட்டு ஏணிகளில் தலைவியே முதலில் ஏறினார். பிறகு ஒட்டடை, தன்னை ஏணியில் ஏற்றுவது ஏணிக்கே அவமானம் என்று முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். சின்னவர் பத்தை ஒரே மூச்சில் எண்ணினார். அக்கா கீழிருந்து, “மெதுவா எண்ணுடா” என்றார்.

முப்பத்தொன்றாவது ஏணி சின்னவர் முறைக்கு வந்தது. ஏழு என்றபோது மேல்படி அவர் காலடியில் சுழன்றது. கீழே நின்றிருந்த ஒட்டடை கையை நீட்டி இடுப்போடு பிடித்துக்கொண்டார். இறக்கிப் பார்த்தால், படியைப் பிடித்திருக்க வேண்டிய ரிவெட் ஆணியின் தலை விரியவே இல்லை. வெறுமனே துளைக்குள் செருகிக்கொண்டிருந்தது. அதற்கு மேல் என் முத்திரை தெளிவாக இருந்தது.

தொலைபேசி ஒலித்தது, மருத்துவமனைக் கட்டடத்தார். தலைவி எழுவதற்குள் சின்னவர் எடுத்தார்.

“இல்ல சார், ஏத்தியாச்சு. ஏத்தினதை இறக்கிட்டோம். இன்னும் ஏறல.”

மறுமுனையில் குழம்பியிருப்பார்கள் போலும்.

“ஏத்தலன்னு சொல்லல சார். ஏறலன்னு சொல்றேன். ஒரு படி கழண்டுடுச்சு, நான்தான் மேல நின்னேன்.” நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். “சரி சார். நாளைக்குக் காலையில. அதுக்கு முன்னாடி கேக்காதீங்க.”

மேசையிலிருந்த முத்திரையை அவரே எடுத்து வந்து, என் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

இன்னும் பதினேழு இருந்தன. முப்பத்திரண்டாவதில் நான் கால் வைத்தேன்.